எண்ணெய் குடிக்கும் லோடர்

வண்டி ஓட்டுகிறவன் எண்ணெய் திருடினால், "எண்ணெய் எங்கய்யா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். வண்டி ஓட்டுகிறவர் தங்கையைக் கட்டியவராகவும் இருந்துவிட்டால், "சாப்டீங்களா மாப்ளே?" என்றுதான் கேட்க முடிகிறது. நானும் கேட்டேன். தினமும் கேட்டேன். "ஆச்சு மச்சான்" என்பார். சோற்றைச் சொல்கிறாரா எண்ணெயைச் சொல்கிறாரா என்று அந்த முகத்திலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

என்னுடையது மணல் யார்டு. மணல், ஜல்லி, உடைத்த செங்கல் என்று மூன்று குவியல்கள், நடுவில் ஒரு டிராக்டர். டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் முனையில் ஒரு பக்கெட். இதைத்தான் லோடர் என்கிறோம். பின்புறம் கியர் பாக்ஸில் இருக்கிற எண்ணெயை ஒரு பம்ப் இழுத்து, ஹோஸ் வழியாகத் தள்ளுகிறது. அந்த எண்ணெயின் பலத்தில் கைகள் தூக்குகின்றன. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவ்வளவு மட்டும் தெரிந்தவன் தெரியாதவனைவிட ஆபத்தானவன் என்பது பிறகு தெரிந்தது.

மாப்பிள்ளை முன்பு சொந்தமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வேன் கைவிட்டுப் போன பிறகு, யார்டு ஆபீசுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளைக் காலி செய்து தங்கையையும் அவரையும் குடிவைத்தேன். லோடரை அவர் கையில் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எனக்கு வேலைக்காரரா, வீட்டு மாப்பிள்ளையா என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளையை அதட்ட முடியாது. வேலைக்காரரை மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது. அதனால் இருவரும் ஒருவரையொருவர் ஏகப்பட்ட மரியாதையாக நடத்தினோம். சொல்ல வேண்டிய சங்கதி எதுவானாலும் தங்கை வழியாகப் போய்வந்தது. ஒரே யார்டுக்குள் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, இரண்டு ஆண்கள் ஒரு பெண்ணைத் தபால்காரியாக்கி வைத்திருந்தோம்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு லோடர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பக்கெட்டைத் தூக்கும்போது கைகள் குளிர்க்காய்ச்சல் வந்தவன் கைபோல நடுங்கின. பாதி உயரத்தில் நின்று யோசித்தன. பிறகு ஒரே உதறலில் மேலே போயின. பம்ப் அடிபட்ட நாய்க்குட்டி மாதிரி முனகியது. மூடியைத் திறந்தால் எண்ணெய், துணி துவைத்த தண்ணீர்போல ஒரே நுரை.

ஆனால் என்னை அரித்தது அதுவல்ல. தினமும் காலையில் முதல் ஆளாக யார்டுக்கு வருகிறவன் நான். இன்ஜினைக் கிளப்புமுன் அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பது என் வழக்கம். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் மேல் கோட்டில் நின்றால் நிம்மதி, கீழ்க் கோட்டுக்கும் கீழே போனால் ஆபத்து. நான் பார்க்கிற ஒவ்வொரு காலையிலும் குச்சியின் நுனிதான் நனைந்திருந்தது. கேனைத் திறந்து மேல் கோடு வரைக்கும் ஊற்றுவேன். மறுநாள் காலை மறுபடியும் நுனி.

எண்ணெய்க் கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். "அண்ணே, டிராக்டருக்கு ஊத்தறீங்களா, இல்ல பக்கத்துல ஏதாச்சும் ஓட்டல் தொறந்திருக்கீங்களா?"

சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு வலித்தது.

மெக்கானிக்கை வரவழைத்தேன். ஊரில் அவருக்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பத்தில் ஒன்பது தடவை நோயைச் சொல்லிவிடுவார். நான் எப்போதும் அந்தப் பத்தாவது தடவையில் போய் நிற்கிறவன்.

"காத்து இழுக்குது" என்றார் ஸ்டெதாஸ்கோப். "ஆயில்ல காத்து கலந்தா நுரைக்கும். நுரையால எடை தூக்க முடியுமா? அதான் நடுங்குது."

"காத்து எங்கேருந்து வருது?"

"அதைத்தான் தேடணும்."

தேடினார். பம்ப் எண்ணெயை இழுக்கிற பக்கத்து ஹோஸ் மூட்டுகளில் கிரீஸைப் பூசிவிட்டு, சத்தம் மாறுகிறதா என்று காது வைத்தார். மாறவில்லை. ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். ஹோஸ் இணைப்புகளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். சிலிண்டர் சீல் தேய்ந்திருக்கும் என்று சந்தேகப்பட்டு, பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி ஹோஸை அடைத்துப் பார்த்தார். சீல் தங்கமாக இருந்தது. கடைசியில் அளவுக் குச்சியை உருவினார்.

"ஆயில் நெறயவே இருக்கே. கொஞ்சம் கூடன்னுகூடச் சொல்லலாம்."

"காலைல நான்தான் ஊத்தினேன். ராத்திரிக்குள்ள காணாமப் போகும், பாருங்க."

ஸ்டெதாஸ்கோப் வண்டிக்கு அடியில் குனிந்து தரையைத் தடவினார். "ஒரு சொட்டு இல்ல முதலாளி. லீக் இருந்தா மணலே காட்டிக் கொடுத்துடும்."

"அப்ப எண்ணெய் எங்கதான் போகுது?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே செங்கல் குவியல் பக்கம் பார்த்தார். அங்கே மாப்பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு வாய் கெடையாது" என்றார் ஸ்டெதாஸ்கோப் தாழ்ந்த குரலில். "வாய் இருக்கறவங்களைப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல சாமி. எனக்கு மெஷினைத்தான் ரிப்பேர் பண்ணத் தெரியும்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் நான் துப்பறியத் தொடங்கினேன். மாப்பிள்ளையின் சட்டையைத் தங்கை கொடியில் காயப்போட்டால் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை அடித்தது. லோடர் ஓட்டுகிறவர் சட்டையில் ரோஜா வாசனையா அடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. அவர் சாயங்காலம் சைக்கிளில் வெளியே போனால் கேரியரைப் பார்த்தேன். அவர் விசிலடித்தால், ஏதோ தேறியிருக்கிறது என்று நினைத்தேன். விசிலடிக்காவிட்டால், மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் மனுஷன் எப்படி நின்றாலும் குற்றவாளியாகத்தான் தெரிகிறான்.

ஒரு நாள் காலை எண்ணெய் ஊற்றியதும், அளவுக் குச்சியின் கைப்பிடியில் என் சட்டையிலிருந்து பிடுங்கிய வெள்ளை நூலைச் சுற்றி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது. அடுத்த நாள் செங்கல் குவியலுக்குப் பின்னால் தார்ப்பாயைத் தூக்கினேன். கீழே கேன்கள் வரிசையாக இருந்தன. மூடி இறுக்கி, துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேராக நிறுத்தியிருந்தார். ஒன்றைத் திறந்து விரலை விட்டு மோந்தேன். என் எண்ணெய்.

கோபமாக இருந்திருந்தால் சுலபம். கோபம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. 'கேட்டிருந்தா குடுத்திருப்பேனே' என்று நினைத்தேன். நான் எதுவும் கேட்டால் கொடுக்கிற முகத்தோடு இருக்கிறேனா என்பதை யோசிக்கவில்லை.

அன்று மதியம் தங்கை தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்று சமைக்க யாரும் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் தனியாகக் கிடக்கிறேன். தங்கை வந்த பிறகுதான் மதியச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏம்மா" என்று ஆரம்பித்தேன், சோற்றைப் பார்த்தபடி. "மாப்பிள்ளைக்கு வெளில ஏதாச்சும்... பழக்கவழக்கம்..."

"கேக்கறதை நேரா கேளுண்ணே."

"இல்ல, எண்ணெய் காணாமப் போகுது. அவரு அதைப் பத்தி ஏதாச்சும்..."

கரண்டி நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவரை அனுப்பறதா இருந்தா ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடு. எங்ககிட்ட இருக்கறது ஒரு பெட்டி, ஒரு மூட்டை. அவரோட அண்ணன் வீட்டுல போய் நடையில படுத்துக்கறோம். ஏற்கெனவே படுத்தவதான் நான். ஆனா ஒண்ணு. போனா போனதுதான். அப்புறம் நீ செத்தேன்னு சொல்லி அனுப்பினாக்கூட வர மாட்டேன்."

"நான் செத்தா நான் எப்படிம்மா சொல்லி அனுப்புவேன்?"

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றாள். சிரிக்கவில்லை.

எனக்கிருப்பது இந்த ஒரு தங்கைதான். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டால் எண்ணெய் போகும், அனுப்பினால் தங்கை போவாள். இந்தக் குழப்பத்தோடு டீக்கடைக்குப் போனதுதான் தப்பு. அங்கே வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு லோடர் டிரைவர் அகப்பட்டார். கொடுவா மீசை, கழுத்தில் கைக்குட்டை. பேச்சுவாக்கில், "இப்ப இருக்கற ஆளுக்குக் கை நீளம்" என்று சொல்லிவிட்டேன். "திங்கக்கிழமை வந்து பாருங்க" என்றும் சொன்னேன். அந்தக் கை நீளமானவர் என் மாப்பிள்ளை என்பதை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. சுற்றி நாலு பேர் டீயை ஆற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் வெட்கமாக இல்லை.

அனுப்புவதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும், அப்போதுதான் தங்கைக்கு முன்னால் நான் நியாயஸ்தனாக நிற்க முடியும் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம், கடைசி லோடு போன பிறகு, "நான் கெளம்பறேன்மா" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, கேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நன்றாக வெளிச்சம் இருந்தது.

மாப்பிள்ளை லோடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கெட்டைத் தரையோடு தரையாக இறக்கினார். இன்ஜினை அணைத்தார். இறங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். திருடன் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பிறகு அளவுக் குச்சியை உருவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். செங்கல் குவியலுக்குப் பின்னால் போய் ஒரு காலிக் கேனோடு வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து, வடிகால் திருகைத் தளர்த்தி, எண்ணெயைப் பிடிக்க ஆரம்பித்தார்.

எழுந்திரு, இதுதான் நேரம் என்று மனசு சொன்னது. கம்பீரமாக எழ நினைத்தேன். ஜல்லி விடவில்லை. காலுக்குக் கீழே சரிந்து, பாதிக் குவியலோடு நானும் சறுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே அவருக்கு முன்னால் வந்து நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"மாப்ளே!" என்றேன், தரையிலிருந்து. "என்ன பண்றீங்க?"

அவர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "மச்சான்? நீங்க ஜல்லிக்குள்ள என்ன பண்றீங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"எண்ணெய் வடிக்கறேன்."

"யாருக்கு?"

"யாருக்குன்னா? வண்டிக்குத்தான். மேல் கோட்டைத் தாண்டி நாலு விரல் நிக்குது. இவ்வளவு எண்ணெய் இருந்தா கியர் பல்லு எல்லாம் அதுல கடையும். கடைஞ்சா நுரைக்கும். நுரைச்சா தூக்குமா?" திருகை இறுக்கிவிட்டு எழுந்தார். "எத்தனை நாளா வடிக்கறேன் தெரியுமா? சாயங்காலம் சரியா வச்சுட்டுப் போறேன். மறுநாள் சாயங்காலம் பாத்தா மறுபடி வழியுது. யாரு ஊத்தறாங்க? சாவி வச்சிருக்கறது ரெண்டு பேரு. நான் ஊத்தல."

"நான்தான் ஊத்தறேன்! குறைஞ்சு கெடக்கு, ஊத்தறேன்!"

"குறையுதா?" அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "பம்பு போகட்டும், பழி அவன் மேல விழட்டும், தானா ஓடிடுவான்னு ஊத்தறீங்க. நேரா போன்னு சொன்னா தங்கச்சி மனசு கஷ்டப்படும். அதான் எண்ணெய் வழியாச் சொல்றீங்க. எனக்குப் புரியாதுன்னு நெனச்சீங்களா? அதுக்குத்தான் சொட்டு விடாம எடுத்து வச்சிருக்கேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா காட்டணுமில்ல?"

நான் அவரை உளவு பார்த்த அத்தனை நாளும் அவர் என்னை உளவு பார்த்திருக்கிறார். என்னைவிட ஒழுங்காகவும் பார்த்திருக்கிறார். சாட்சியைத் துடைத்து, மூடி போட்டு, வரிசையாக அடுக்கியிருக்கிறார்.

சத்தம் கேட்டுத் தங்கை ஈரக் கையோடு ஓடி வந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் அவளிடம் முறையிட்டோம். பழக்கம் அப்படி.

"உங்க அண்ணன்கிட்ட கேளு..."

"உன் வீட்டுக்காரர்கிட்ட கேளும்மா..."

"நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்" என்றாள். "ரெண்டு பேரும் என்னை நடுவுல போட்டு ஆட்டுனது போதும். குச்சியைப் பாருங்க. எல்லாரும் சேந்து பாருங்க."

மாப்பிள்ளை குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்தார். எண்ணெய் சரியாக மேல் கோட்டில் நின்றது. மூன்று பேரும் பார்த்தோம்.

"இப்ப சரியாத்தான் இருக்கு" என்றேன் விடாமல். "காலைல குறையும்."

"எப்படிக் குறையும்? நான் உள்ள போயிடறேன், நீங்க வீட்டுக்குப் போயிடறீங்க."

"அதைத்தானே நானும் கேக்கறேன்!"

"சரி, காலைல நானும் கூட நிக்கறேன். மூணு பேரும் பாப்போம்."

"பாப்போம்!" என்று சொல்லிவிட்டு, கோபத்தில் வழக்கமான வேலையைச் செய்ய ஆரம்பித்தேன். ஆபீசிலிருந்து ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி வந்து பக்கெட்டுக்குள் வைத்தேன். இது என் கண்டுபிடிப்பு. அந்த மழைக்காலத்தில் யார்டிலிருந்து ஒரு செட் ஸ்பேனர் களவு போனது. அன்றிலிருந்து தினமும் கிளம்பும்போது பெட்டியைப் பக்கெட்டில் வைத்து, கைகளை உச்சிக்குத் தூக்கிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். திருடன் ஏணி கொண்டுவந்தாலும் எட்டாது. உலகத்தில் எந்த முதலாளிக்கும் இந்த மூளை வராது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. தூக்கி வைத்த பக்கெட் ஆபத்து, அதன் கீழே ஆள் நடக்கிறது என்று மாப்பிள்ளை தங்கையிடம் சொல்லியனுப்பியிருந்தார். அதையும் சந்தேகக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன்.

இன்ஜினைக் கிளப்பி லீவரை இழுத்தேன். கைகள் நடுங்கி நடுங்கி மேலே போயின. அணைத்துவிட்டு இறங்கினேன்.

மாப்பிள்ளை வீம்பாக மறுபடி குச்சியை உருவினார். "இதோ பாருங்க. நல்லாப் பாத்துக்குங்க. மேல் கோடு. காலைல இது..."

நிறுத்திக்கொண்டார். குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். நுனிதான்.

எண்ணெயை யாரும் தொடவில்லை. கேன் மூடியபடி இருந்தது. திருகு இறுகியிருந்தது. எண்ணெய் இல்லை. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நம்ப முடியாவிட்டாலும், அந்த நொடியில்கூட, எப்படியோ ஏதோ வித்தை காட்டிவிட்டார் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. அவருக்கும் ஓடியிருக்கும்.

தங்கைதான் அண்ணாந்து பார்த்தாள். அவள் எங்கே பார்க்கிறாள் என்று நாங்களும் பார்த்தோம். இரண்டு பெரிய சிலிண்டர்கள், தண்டுகள் முழு நீளத்துக்கும் வெளியே வந்து, என் ஸ்பேனர் பெட்டியை வானத்தில் தாங்கிக்கொண்டிருந்தன.

"அதுக்குள்ள என்னண்ணே இருக்கு?" என்றாள். "காத்தா?"

மாப்பிள்ளை மெதுவாக, "எண்ணெய்" என்றார்.

இறக்கினேன். குச்சி மேல் கோட்டைக் காட்டியது. தூக்கினேன். நுனி. இறக்கினேன். மேல் கோடு. சிறுபிள்ளைகள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோலத் தூக்கித் தூக்கி இறக்கினோம். எண்ணெய் எங்கும் போகவில்லை. நான் காலையில் கைகள் மேலே இருக்கும்போது பார்த்தேன். எண்ணெய் மேலே போயிருந்தது. குறைவு என்று ஊற்றினேன். பிறகு கைகளை இறக்கியதும் போன எண்ணெய் வீடு திரும்பி, ஊற்றிய எண்ணெயோடு சேர்ந்து, தளும்பி, நுரைத்து, வண்டியை நடுங்க வைத்தது. சாயங்காலம் நான் ஆபீசில் கணக்கு முடித்து வருவதற்குள், கைகள் கீழே இருக்கும்போது மாப்பிள்ளை பார்த்தார். அதிகம் என்று வடித்தார். மறுநாள் காலை நான் மறுபடி... சரி, அதற்கு மேல் சொல்ல எனக்கே கேவலமாக இருக்கிறது.

"அப்ப யாரும் எடுக்கல" என்றார் மாப்பிள்ளை.

"யாரும் எடுக்கல மாப்ளே."

"நாளைக்கு முழுசா வடிச்சுட்டு, கழுவி, வேற மாத்திடலாம். கடைஞ்ச எண்ணெய் இனிமே ஆகாது."

"மாத்திடலாம் மாப்ளே."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தரையில் கால் பாவவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்ன ஆளைக் காலையில் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். பல நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம். அளவுக்கு மேல் நல்ல தூக்கம். எழுந்தபோது வெயில் மாடி முழுவதும் பரவியிருந்தது.

நான் யார்டு கேட்டுக்குள் நுழைந்தபோது, கொடுவா மீசை எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். திங்கட்கிழமைக்கு முன் வண்டியை ஒரு கண் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறார். கடமையுணர்ச்சி. லோடரின் பக்கெட் தரையில் இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கொடுவா மீசை அந்தக் கால்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைலேருந்து நான்தாங்க ஓட்டப்போறேன். முதலாளி வரச் சொன்னாரு. ஆமா, இங்க ஓட்டறவன் கை நீளமாமே? ஆயிலெல்லாம் அடிக்கறானாமே? போயிட்டானா?"

கால்கள் அசையவில்லை. அடியிலிருந்து அமைதியாகப் பதில் வந்தது.

"இன்னும் போகல. எண்ணெய் வடிஞ்சதும் போயிடுவான்."

மாப்பிள்ளை வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். கழிவுத்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துணியை மடித்து டயர்மேல் வைத்தார். உள்ளே போய்விட்டார். சிறிது நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

நான் போய் அவர்கள் வாசலில் நின்றேன். உள்ளே போகிற தைரியம் இல்லை. தங்கை துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வேகமாகவும் மடிக்கவில்லை, மெதுவாகவும் மடிக்கவில்லை.

"மாப்ளே, நேத்தே அந்த ஆளை வேணாம்னு சொல்லணும்னுதான்..."

"சந்தேகப்பட்டதைப் பத்திப் பேச்சே இல்ல மச்சான்" என்றார் அவர், பெட்டியைப் பார்த்தபடி. "நானும்தான் பட்டேன். ஆனா என் சந்தேகத்தை இந்த ரெண்டு ரூமுக்குள்ள வச்சிருந்தேன். இவகிட்டகூடச் சொல்லல. நீங்க கொண்டுபோய் டீக்கடையில வச்சிருக்கீங்க."

எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு நையாண்டி வாயில் தயாராக இருக்கும். அன்று தேடினேன், ஒன்றும் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன் மாப்ளே. மன்னிச்சுக்குங்க" என்றேன். அவரிடம் மனசுவிட்டு நான் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"உள்ள சொன்னா எப்படிண்ணே?" என்றாள் தங்கை. மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எங்க சொன்னியோ அங்க சொல்லு."

திரும்பி யார்டுக்குள் நடந்தேன். கொடுவா மீசை பம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் நின்று, பின்னறைவரை கேட்கும்படி, கட்சிக் கூட்டத்தில் பேசுகிறவன்போல் குரலை உயர்த்தினேன்.

"அய்யா, இங்க யாருக்கும் கை நீளம் இல்ல. எண்ணெயை யாரும் எடுக்கல. நான்தான் பக்கெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆயில் பாத்திருக்கேன். குறையுது குறையுதுன்னு ஊத்தி, வண்டியைக் கெடுத்தது நான். அவரு தினமும் வடிச்சுக் காப்பாத்தினாரு. அவரு என் தங்கச்சி வீட்டுக்காரர். இந்த லோடர் அவர் கைலதான். நாளைக்கும் அவர் கைலதான். உங்களை அலைய விட்டதுக்கு மன்னிக்கணும்."

கொடுவா மீசை என்னையே உற்றுப் பார்த்தார். மீசை முதலில் அசைந்தது.

"தூக்கி வச்சுக்கிட்டா பாத்தீங்க? மேல?"

"மேல."

"தினமுமா?"

"தினமும்."

அவர் சிரித்த சிரிப்பில் கழுத்துக் கைக்குட்டை அவிழ்ந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இதை நான் வெளில சொல்லலாமாண்ணே?"

ஊரில் ஸ்டெதாஸ்கோப் இருக்கிறார். எண்ணெய்க் கடைக்காரர் இருக்கிறார். இனி ஆயுளுக்கும் அவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

"டீக்கடையில முதல்ல சொல்லுங்க" என்றேன். "சத்தமாச் சொல்லுங்க."

வேலை போன வருத்தமே இல்லாமல் போனார். அதைவிடப் பெரிய சரக்கு கிடைத்துவிட்டது அவருக்கு.

பின்னறையிலிருந்து சத்தமே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் லோடர் பக்கம் திரும்பினேன். வடிகாலிலிருந்து எண்ணெய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வைத்திருந்த பேசின் விளிம்புவரை வந்து விம்மி நின்றது.

"மாப்ளே! நெறயப் போகுது! பேசின்!"

வண்டிக்கு அடியில் பாய்ந்து, திருகு எங்கே என்று தேடினேன். அதைக் கழற்றி எங்கோ வைத்திருந்தார். கட்டைவிரலால் துவாரத்தை அடைத்தேன். எண்ணெய் விரலைச் சுற்றிக்கொண்டு முழங்கைவரை வந்தது. முழங்கையிலிருந்து அக்குளுக்கு வந்தது. அந்தக் கோலத்தில் மல்லாந்து கிடந்தபடி, உள்ளே பெட்டி உராய்கிற சத்தத்தைக் கேட்டேன். வெளியே இழுக்கிற சத்தமா, உள்ளே தள்ளுகிற சத்தமா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் புரியவில்லை. இரண்டுக்கும் ஒரே சத்தம்தான் போலிருக்கிறது.

இரண்டு கால்கள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார்.

"விரலை எடுங்க."

"எடுத்தா கொட்டுமே."

"எடுங்க மச்சான். வேற பேசின் வச்சாச்சு. இல்ல, அப்படியில்ல. ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிங்க. சாய்க்காதீங்க. ஆடாதீங்கன்னு சொல்றேன்ல?"

அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. நான் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் மோர் நிறத்தில், நுரையோடு, அவசரமில்லாமல் இறங்கியது. அவர் பக்கத்தில் குந்தியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டுகள் வர வெகுநேரம் ஆயிற்று.

"நாளைக்கு முதல் லோடு எது?" என்றார் பிறகு. "மணலா, ஜல்லியா?"

"ஜல்லி" என்றேன். "கொஞ்சம் சரிஞ்சு கெடக்கு."